ஊர் மாறும் அணி, ஊரோடு நிற்கும் அரங்கம்

சில லட்சம் பேர் வாழும் ஒரு நடுத்தர நகரம், பதினைந்தாயிரம் பேர் உட்காரக்கூடிய உள்விளையாட்டரங்கத்தை மக்கள் வரிப்பணத்தில் கட்டலாமா? வட அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குக் குறைந்தது நாற்பது வயதாகிறது. நியூயார்க் போன்ற பெருநகரத்தில் ஓர் அரங்கம் நட்டத்தில் ஓடினாலும் நகரத்தின் வரவு செலவில் அது ஒரு வரிதான். நடுத்தர நகரத்திலோ அது நகரம் வாங்கிய கடன்களிலேயே பெரிய கடனாகிவிடக்கூடும். பூங்காவுக்கும் நூலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகவேண்டிய பணம் வட்டிக்குப் போகும். அதனால்தான் இங்கே விவாதம் சூடாகவும் நடக்கிறது, தவறும் பெரிதாக விழுகிறது.

இதுவரை சொல்லப்பட்ட பதில்களை ஓர் அணியின் பயணத்தோடு சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். கனடாவின் வின்னிபெக் நகரில் ஆடிவந்த ஐஸ் ஹாக்கி அணி 1996-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸுக்கு இடம்பெயர்ந்தது. 2003-இல் பக்கத்து ஊரான கிளெண்டேலுக்குப் போனது. 2009-இல் கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோக நடந்த முயற்சி தோற்றது. 2022-இல் டெம்பியில் ஒரு பல்கலைக்கழகத்தின் சிறிய அரங்கத்துக்கு வந்து, 2024-இல் வீரர்களும் பயிற்சியாளர்களுமாக யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் உள்ள ஒவ்வோர் ஊரின் அரங்கத்துக்கும் தனிக் கதை உண்டு.

பணம் பெருகும் என்ற வாதம்

மிகப் பழைய பதில் எளிமையானது. அரங்கம் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் உணவகமும் விடுதியும் நிரம்பும், வேலை பெருகும், அந்த வரி கடனை அடைக்கும். செலவழியும் ஒவ்வொரு டாலரும் ஊருக்குள் பலமுறை கைமாறும் என்று ஒரு பெருக்கக் கணக்கும் இதோடு சேர்த்துச் சொல்லப்படும். இந்த வாதம் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களின் சாத்தியக்கூறு அறிக்கைகள் வழியாகவே மாநகர மன்றத்துக்கு வந்து சேர்கிறது. அந்த அறிக்கைக்குக் காசு கொடுப்பவர்கள் பெரும்பாலும் அரங்கம் கட்ட விரும்புகிறவர்களே. மாநாட்டு மையங்களைப் பற்றி ஹேவுட் சாண்டர்ஸ் 2014-இல் வெளியிட்ட விரிவான நூல், இத்தகைய கணிப்புகள் எப்படி ஊருக்கு ஊர் ஒரே நம்பிக்கையோடு எழுதப்பட்டு, பிறகு நிறைவேறாமல் போயின என்பதைக் காட்டியது. அரங்கங்களுக்கும் அந்த எச்சரிக்கை பெரிதும் பொருந்தும்.

ஆனாலும் இந்தத் தரப்பில் வலுவுள்ள ஒரு பகுதி உண்டு. செலவை யார் சுமப்பது என்பதைப் பற்றியது அது. கான்சாஸ் சிட்டி மக்கள் 2004-இல் தங்கள் அரங்கத்துக்காக ஒப்புக்கொண்ட வரி, விடுதி அறைகள் மீதும் வாடகைக் கார்கள் மீதும் விழுந்தது. வெளியூர்க்காரரின் பணத்தில் கட்டுகிறோம் என்பது உள்ளூர் வாக்காளருக்கு நியாயமாகப் படுகிறது. அதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அதே விடுதி வரியை வேறு தேவைக்கும் வசூலித்திருக்கலாம் அல்லவா?

பொருளாதார அறிஞர்களின் மறுப்பு

1980-களின் இறுதியிலிருந்து ராபர்ட் பாடி போன்றவர்கள் வேறு வழியில் கணக்குப் பார்த்தார்கள். கணிப்பை விட்டுவிட்டு, அரங்கமும் அணியும் வந்த பிறகு நகரங்களின் வருமானமும் வேலைவாய்ப்பும் உண்மையில் என்ன ஆயின என்று தேடினார்கள். குறிப்பிடத்தக்க வளர்ச்சி எதுவும் தென்படவில்லை. ரோஜர் நாலும் ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட்டும் 1997-இல் தொகுத்த நூல், பொதுப்பணத்தில் கட்டிய விளையாட்டரங்கங்கள் ஏற்கத்தக்க ஆதாயம் தரவில்லை என்ற முடிவை நிலைநிறுத்தியது. டென்னிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ஃப்ரீஸ் இருவரும் ஜே.சி. பிராட்பரியுடன் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட நீண்ட தொகுப்பாய்வும் ஏறக்குறைய அதையே உறுதி செய்தது. பொருளாதாரத் துறையில் இவ்வளவு ஒருமித்த கருத்து கிடைப்பது அரிது.

காரணங்கள் மூன்று. உள்ளூர்க் குடும்பம் ஆட்டத்துக்குச் செலவழிக்கும் பணம், இல்லாவிட்டால் அதே ஊரின் திரையரங்குக்கோ உணவகத்துக்கோ போயிருக்கும். புதிதாக எதுவும் சேரவில்லை. டிக்கெட் பணத்தின் பெரும்பங்கு வீரர்களுக்கும் உரிமையாளருக்கும் போகிறது; அவர்கள் அதைச் செலவழிப்பதும் சேமிப்பதும் பெரும்பாலும் வேறெங்கோ. ஆட்ட நாளின் நெரிசலுக்குப் பயந்து ஊர்ப்பக்கம் வராமல் ஒதுங்குகிறவர்களும் உண்டு.

இதோடு வரிச் சட்டத்தின் பங்கையும் சேர்க்க வேண்டும். இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். நகரங்கள் வெளியிடும் கடன் பத்திரங்களின் வட்டிக்கு அமெரிக்க மத்திய அரசு வருமான வரி விதிப்பதில்லை. அதனால் நகரத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். தனியார் அணிகளுக்காக இந்தச் சலுகை வீணாவதைத் தடுக்க 1986-இல் சட்டம் திருத்தப்பட்டது. தனியார் பயன்பாடு 10 விழுக்காட்டைத் தாண்டி, கடன் தவணையிலும் 10 விழுக்காட்டுக்கு மேல் அந்தத் தனியாரிடமிருந்து வந்தால் சலுகை போய்விடும். நடந்தது தலைகீழ். சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள நகரங்கள் அணிகளிடம் வாங்கும் வாடகையைக் குறைத்துக்கொண்டன. தவணையைப் பொது வரியிலிருந்து கட்டின. இந்த வழியை அடைக்க செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் 1996-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை.

இந்தத் தரப்புக்கும் எல்லை உண்டு. ஆய்வுகளில் பெரும்பாலானவை பெரிய லீக் அணிகளைச் சுற்றியே நடந்தவை. ஆண்டுக்கு எட்டு ஒன்பது ஆட்டங்களே நடக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானமும், நூற்றுக்கு மேற்பட்ட இரவுகள் திறந்திருக்கக்கூடிய உள்ளரங்கமும் ஒன்றல்ல. பின்னது தேவலை என்று இந்த முகாமுக்குள்ளேயே பேச்சு உண்டு. மேலும் பல நகரங்களின் சராசரி, ஒரு குறிப்பிட்ட நகரம் எப்படிப்பட்ட ஒப்பந்தம் போட வேண்டும் என்று சொல்லாது.

கிளெண்டேலில் நடந்தது

ஒப்பந்தத்தின் பலம் எவ்வளவு என்பதை இரண்டரை லட்சம் பேர் வாழும் கிளெண்டேல் காட்டுகிறது. ஃபீனிக்ஸ் பெருநகரப் பகுதியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊர் 2003 டிசம்பரில் புதிய அரங்கத்தைத் திறந்தது. செலவு சுமார் 22 கோடி டாலர். அதில் 18 கோடி நகரத்தின் பங்கு. பக்கத்தில் வணிக வளாகம் வரும், விற்பனை வரியில் கடன் அடையும் என்பது திட்டம். வளாகம் வந்தது. ஆனால் பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி அணி ஆண்டுதோறும் நட்டம் கண்டது. 2009 மே மாதத்தில் அப்போதைய உரிமையாளர் அணியைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அங்கேயே அதை ஹாமில்டனுக்கு மாற்றும் நோக்கோடு ஒரு கனடியத் தொழிலதிபர் வாங்க வந்தார். நீதிபதி அதை ஏற்கவில்லை. கடைசியில் தேசிய ஹாக்கி லீக்கே 14 கோடி டாலருக்கு அணியை எடுத்துக்கொண்டது.

வேறு உரிமையாளர் கிடைக்கும்வரை அணி ஊரைவிட்டுப் போகாமலிருக்க, அரங்கத்தை நடத்தும் செலவு என்ற பெயரில் கிளெண்டேல் லீக்குக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தது. அரங்கம் நகரத்துடையது, அதில் ஆடுகிறவர் வாடகை தருவதுதான் வழக்கம். இங்கே வீட்டுக்காரர் குடியிருப்பவருக்குப் பணம் கொடுத்தார். அதே காலத்தில் பொருளாதார மந்தம் வந்து நகரத்தின் வருமானம் சுருங்கியது. 2012-இல் விற்பனை வரி உயர்ந்தது. 2013-இல் புதிய உரிமையாளர்களுடன் ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் வீதம் 15 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம், மன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. இரண்டே ஆண்டுகளில் மன்றம் அதை ரத்து செய்தது. பிறகு தொகை ஆண்டுக்கு 65 லட்சமாகக் குறைந்தது. 2016-இல் அரங்க நிர்வாகம் அணியிடமிருந்து, அரங்கங்களை நடத்தும் ஏஇஜி நிறுவனத்துக்கு மாறியது.

2021 ஆகஸ்டில் நகரம் அடுத்த பருவத்தோடு அணி வெளியேறலாம் என்று அறிவித்தது. இசை நிகழ்ச்சிகளுக்கே இனி முன்னுரிமை என்பது அதன் நிலைப்பாடு. அணி ஐந்தாயிரம் பேர் அமரும் பல்கலைக்கழக அரங்கத்துக்குப் போனது. புதிய அரங்கம் கட்டும் திட்டத்தை டெம்பி வாக்காளர்கள் 2023 மே மாதத்தில் நிராகரித்தார்கள். கிளெண்டேல் அரங்கம் பக்கத்துச் சூதாட்ட விடுதியின் பெயரைத் தாங்கி இன்றும் இயங்குகிறது. அணி வேண்டும் என்பதற்காகக் கட்டிய கட்டடம், அணியைக் கழற்றிவிட்ட பிறகு நகரத்துக்குப் பாரம் குறைந்ததாயிற்று. பொருளாதார ஆய்வுகள் இந்த இடத்தை இன்னும் போதுமான அளவு தொடவில்லை என்றே தோன்றுகிறது.

பல பயன் என்பதன் விலை

ஓர் அரங்கம் எல்லாவற்றுக்கும் உதவும் என்ற சொல்லைக் கட்டடக் கலைஞர்கள் அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். கூடைப்பந்துக் களமோ 94 அடிக்கு 50 அடி. கூடைப்பந்துக்குப் பொருத்தமாக இருக்கைகளை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் அமைத்தால் ஹாக்கித் தளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாது. 1992-இல் கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்ட ஃபீனிக்ஸ் நகர அரங்கத்தில் நம் அணிக்கு நேர்ந்தது அதுதான். ஒரு முனையின் மேல் வரிசைகளில் உட்கார்ந்தவர்களுக்குக் கீழே இருந்த கோல் தெரியவில்லை. அந்த இருக்கைகளை விற்பதே கடினம். அணி கிளெண்டேலுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இருபது ஆண்டு கழித்து அதே சிக்கல் சால்ட் லேக் சிட்டியிலும் காத்திருந்தது. 1991-இல் கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்ட அங்குள்ள அரங்கத்தில், அணி ஆடிய முதல் பருவத்தில் சுமார் 11,000 இருக்கைகளிலிருந்து மட்டுமே பனித்தளம் தடையின்றித் தெரிந்தது. இருக்கை அமைப்பையே மாற்றிக் கட்டும் வேலை தொடங்கியது.

தரை மாற்றும் வேலையும் லேசானதல்ல. தளத்தின் கான்கிரீட்டுக்குள் குளிரூட்டிய திரவம் ஓடும் குழாய்கள் பதிந்திருக்கும். அதன் மேல் தண்ணீரைப் படலம் படலமாகத் தெளித்து ஏறத்தாழ ஓர் அங்குலப் பனிக்கட்டி உருவாக்குவார்கள். கூடைப்பந்து ஆட்டம் என்றால் அதை உருக்குவதில்லை. வெப்பம் கடத்தாத பலகைகளைப் பரப்பி, அதன் மேல் நாலடிக்கு எட்டடி மேப்பிள் மரப் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டுவார்கள். ஹாக்கி முடிந்த இரவிலேயே ஆட்கள் இறங்கி விடிவதற்குள் முடிக்க வேண்டியிருக்கும். இசை நிகழ்ச்சிக்கு வேறு தேவைகள்: கூரையிலிருந்து பல டன் எடையுள்ள விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் தொங்கவிடும் பலம், லாரிகள் நேரே உள்ளே வந்து இறக்கும் வாசல்கள். 1970-களிலும் 80-களிலும் கட்டிய பல அரங்கங்கள் இந்த இடத்தில்தான் பின்தங்கிப்போயின.

ஒரு பெரிய லீக் அணி, இறுதிச்சுற்று நீங்கலாக, பருவத்துக்கு 41 ஆட்டங்களையே சொந்த ஊரில் ஆடும். மீதி முந்நூறுக்கு மேற்பட்ட நாட்களை என்ன செய்வது என்பது, முகூர்த்தமில்லாத மாதங்களில் கல்யாண மண்டபக்காரர் கேட்கிற கேள்விதான்.

அணி இல்லாமலே

அந்தக் கேள்வியிலிருந்தே மூன்றாவது நிலைப்பாடு பிறக்கிறது: அணியை எதிர்பார்க்காமல் நிகழ்ச்சிகளை நம்பிக் கட்டுவது. ஹாமில்டன் நகரம் முதலில் அணியை எதிர்பார்த்துத்தான் கட்டியது; இந்த நிலைக்குப் பிறகே வந்தது. 1985-இல் சுமார் 17,000 இருக்கைகளோடு திறந்த காப்ஸ் அரங்கம், 1987-இல் கனடா கோப்பை இறுதி ஆட்டங்களைக் கண்டது. ஆனால் தேசிய லீக் அணி வரவே இல்லை. 2009-இல் வாசல்வரை வந்ததும் கைநழுவியது. பல பத்தாண்டுகள் சிறிய அணிகளோடும் கச்சேரிகளோடும் நகரத்தின் மானியத்தில் ஓடிய அந்த அரங்கம், பிறகு நீண்ட காலக் குத்தகைக்குத் தனியார் கைக்குப் போனது. ஓக் வியூ குழுமம் என்ற அரங்க நிறுவனம் ஏறத்தாழ 30 கோடி கனடிய டாலர் செலவில் அதைப் புதுப்பித்து, 2025 நவம்பரில் திறந்தது. முதன்மையாக இசைக்காகவே மாற்றியமைக்கப்பட்ட கட்டடம் அது.

கான்சாஸ் சிட்டியின் அரங்கம் 2007 அக்டோபரில், 27.6 கோடி டாலர் செலவில் திறந்தது. அதற்கும் நிலையான அணி கிடைக்கவில்லை. ஆனால் திறந்த அடுத்த மாதமே கார்த் புரூக்ஸ் ஒன்பது கச்சேரிகளை அரங்கு நிறையப் பாடினார். பிறகும் நிகழ்ச்சிகளால் நிறைந்தே ஓடியது. வின்னிபெக் நடுவழியைப் பிடித்தது. தன் அணியை இழந்த நகரம், நகர மையத்தில் இடிக்கப்பட்ட ஈட்டன்ஸ் பல்பொருள் அங்காடி இருந்த இடத்தில், பெரும்பகுதி தனியார் பணத்தோடு, சுமார் 15,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்தை 2004-இல் திறந்தது. லீக் அரங்கங்களோடு ஒப்பிட்டால் அது சிறியது. ஏழு ஆண்டுகள் இரண்டாம் நிலை அணியோடும் கச்சேரிகளோடும் நிறைவாகவே ஓடியது. 2011-இல் அட்லாண்டாவிலிருந்து வேறோர் அணி அங்கே வந்து சேர்ந்தது. தேவைக்கு அளவாகக் கட்டியதுதான் வின்னிபெக்கைக் காப்பாற்றியது என்பது என் மதிப்பீடு.

இந்த நிலைப்பாட்டின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். கச்சேரிக்கு வருகிறவர் செலவழிக்கும் பணமும் ஊரின் வேறு செலவிலிருந்து திரும்பியதாக இருக்கலாம். பாடகரும் ஊரைவிட்டுப் போகிறவரே. கான்சாஸ் சிட்டியைச் சுற்றி வெகுதூரத்துக்குப் போட்டி குறைவு. ஹாமில்டனுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் டொராண்டோ இருக்கிறது. பெரிய கச்சேரிப் பயணங்களைத் தீர்மானிக்கும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஒன்றான லைவ் நேஷன் மீது அமெரிக்க நீதித்துறை 2024 மே மாதத்தில் தொடுத்த ஏகபோக வழக்கு, அந்தச் சந்தை எவ்வளவு குறுகியது என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அணியிடம் பிணையாக இருந்த நகரம், நிகழ்ச்சி நிறுவனத்திடம் பிணையாக மாறிவிடவும் வாய்ப்புண்டு.

நகர மையம் உயிர் பெறுமா?

நான்காவது வாதம் பணத்தைவிட இடத்தைப் பேசுகிறது. நகரம் முழுவதற்கும் வருமானம் கூடாவிட்டாலும், சீரழிந்த ஒரு பகுதியில் நடமாட்டத்தைத் திரட்ட அரங்கம் உதவும் என்பது மார்க் ரோசன்ட்ராப் போன்றோரின் நிலை. 1997-இல் பொதுமானியங்களைக் கடுமையாக விமர்சித்த அவரே, 2010-இல் சரியாகத் திட்டமிட்ட நகரங்கள் பலன் பெறலாம் என்று எழுதினார். ஒஹாயோவின் கொலம்பஸ் அதிகம் காட்டப்படும் உதாரணம். அங்கே வாக்காளர்கள் 1997-இல் அரங்க வரியை நிராகரித்தார்கள். நேஷன்வைடு காப்பீட்டு நிறுவனம் தன் பணத்தில், பழைய சிறைச்சாலை இருந்த பகுதியில் அரங்கம் எழுப்பி 2000-இல் திறந்தது. சுற்றிலும் குடியிருப்புகளும் அலுவலகங்களும் வளர்ந்தன. வெற்றிதான், மறுக்க முடியாது. ஆனால் 2012-இல் அந்த அரங்கத்தையே பொது அமைப்பு ஒன்று, சூதாட்ட வரி வருமானத்தை நம்பி, 4.25 கோடி டாலருக்கு வாங்க வேண்டியதாயிற்று. அந்த வருமானம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஓர் இடத்தில் வந்த கடைகள், நகரத்தின் இன்னொரு இடத்திலிருந்து இடம் மாறியவையா என்பதற்கும் தெளிவான விடை இல்லை.

பெருமைக்கு விலை

ஐந்தாவது நிலை, அரங்கத்தைப் பூங்கா போன்ற பொதுப்பொருளாகப் பார்க்கிறது. ஆட்டம் பார்க்கப் போகாதவரும் ஊரில் அணி இருப்பதற்காக மகிழலாம். அந்த மகிழ்ச்சிக்கும் மதிப்புண்டு. புரூஸ் ஜான்சனும் ஜான் வைட்ஹெட்டும் கென்டக்கியின் லெக்சிங்டனில் புதிய கூடைப்பந்து அரங்கத்துக்கு மக்கள் எவ்வளவு தரத் தயார் என்று கேட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் முன்னோடி. மதிப்பு இருந்தது, ஆனால் கட்டுமானச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. பிட்ஸ்பர்கின் ஹாக்கி அணியைப் பற்றி அடுத்த ஆண்டு வந்த ஆய்விலும் ஏறத்தாழ அதே முடிவு.

வாக்குப்பெட்டி வேறு விதமாகப் பேசுகிறது. ஓக்லஹோமா சிட்டி 1993-இல் ஒரு சதவீத விற்பனை வரிக்கு ஒப்புக்கொண்டு, கடன் வாங்காமல் வசூலித்த பணத்திலேயே நகரத்தைப் புதுப்பித்தது. 2002-இல் சுமார் 9 கோடி டாலரில் திறந்த அரங்கமும் அதில் அடக்கம். கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் கூடைப்பந்து அணி 2005-இல் தற்காலிகமாக அங்கு தங்கியது. 2008-இல் சியாட்டிலின் கூடைப்பந்து அணி நிரந்தரமாக வந்தது. 2023 டிசம்பரில் குறைந்தது 90 கோடி டாலர் செலவில் இன்னொரு புதிய அரங்கத்துக்கு 71 விழுக்காட்டினர் சரி என்றார்கள். அணி உரிமையாளர்களின் பங்கு 5 கோடி மட்டுமே. இந்த வாக்கு பெருமையின் விலையா, அணி போய்விடுமோ என்ற அச்சத்தின் விலையா? ஏற்கெனவே கட்டிவந்த வரியின் தொடர்ச்சியாக அது முன்வைக்கப்பட்டதால், புதிய சுமையாக மக்களுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். மூன்றையும் பிரித்துக் காட்டும் ஆய்வு இருந்தால் இந்த விவாதம் ஓரடி முன்னே போகும்.

தீராதவை

அரங்கம் நகரத்தைப் பணக்காரனாக்கும் என்ற முதல் வாதத்தை இனி எவரும் பொறுப்போடு முன்வைக்க முடியாது என்றே சொல்லலாம். அதற்காக அரங்கமே வேண்டாம் என்ற முடிவுக்கும் சான்றுகள் நம்மைக் கொண்டுபோகவில்லை. கிளெண்டேலும் வின்னிபெக்கும் கான்சாஸ் சிட்டியும் காட்டுவது, குத்தகையில் எழுதப்பட்ட விதிகளே விளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதைத்தான்: ஆட்டமல்லாத இரவுகளின் வருமானம் யாருக்கு, நட்டம் யாருக்கு, வெளியேறினால் அபராதம் என்ன. நிலம், சாலை, இழந்த சொத்து வரி என்று கணக்கில் வராமல் போகும் பொதுச் செலவுகளை ஜூடித் கிராண்ட் லாங் 2013-இல் தொகுத்துக் காட்டினார். ஆனால் குத்தகை விதிகளையும் விளைவுகளையும் ஊர் ஊராக ஒப்பிடும் வேலை இன்னும் முழுமை பெறவில்லை.

இன்னொன்றும் நிலுவையில் இருக்கிறது. அதே பணத்தில் பகுதிக்கு ஒன்றாகச் சிறிய உள்ளரங்கங்கள் கட்டினால், பார்ப்பவர்களுக்குப் பதில் ஆடுபவர்கள் பெருகுவார்கள் அல்லவா? பள்ளிப் பிள்ளைகள் மாலையில் கூடைப்பந்தும் பூப்பந்தும் ஆடும் கூடத்தின் பயனை, கச்சேரி இரவுகளின் வருமானத்தோடு ஒரே தராசில் நிறுத்த நல்ல முறை இல்லை. அதனால் மன்றக் கூட்டங்களில் அந்த மாற்று வழி பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. இது ஒரு பெரிய குறை என்று நினைக்கிறேன்.

அரங்கங்களின் ஆயுளும் சுருங்கிவருகிறது. ஓக்லஹோமா சிட்டி தன் அரங்கத்துக்கு மாற்று வேண்டும் என்று முடிவெடுத்தது அது திறந்த இருபத்தோராவது ஆண்டில். ஹாமில்டன் நாற்பது ஆண்டு தாங்கியது. மறுபடி புதுப்பித்த செலவு தனியாருடையது. நீண்ட காலக் குத்தகையின் நடுவில் அடுத்த பெரிய பழுதுபார்ப்பு வரும்போது செலவு யார் தலையில் விழும் என்பதைப் பொறுத்தே இன்றைய தனியார் ஏற்பாடுகள் நகரத்துக்கு லாபமா என்று சொல்ல முடியும். அதற்கான சான்று இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குக் கிடைக்காது.